வெல்லக் கரைசலில் திசு கெடாமல் இருக்குமா?

பேத்தாலஜி லேபில் திசு பதப்படுத்தும் வேலையில் இருக்கிறேன். திசு கெடாமல் இருக்க நாங்கள் அதைப் போட்டுவைக்கும் ஃபார்மலின் என்ற ரசாயனக் கரைசலுக்குப் பதில் தேனும் வெல்லமும் பயன்படுமா என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

ஃபார்மலின் அவ்வளவு ஆபத்தா? கண் எரிச்சல்தானே? (லேப் மாணவி)

எரிச்சலோடு நிற்பதில்லை. அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் முடிவு செய்தது. தினமும் அந்த ஆவியைச் சுவாசிப்பது நாம்தான்.

இனிப்பு எப்படித் திசுவைக் காக்கிறது? (கல்லூரி ஆசிரியர்)

உடம்பை விட்டு வந்த திசு தன் என்சைம்களாலேயே கரையத் தொடங்கும். ஃபார்மால்டிஹைடு புரதங்களைப் பிணைத்து அதை நிறுத்திவிடும். தேனும் வெல்லமும் முதலில் திசுவிலுள்ள நீரை இழுக்கின்றன. தேனின் அமிலத்தன்மையும் கிருமிகளைத் தடுக்கிறது. அப்புறம், சர்க்கரை சிதைந்து ஆல்டிஹைடாகி (ஃபார்மால்டிஹைடின் இனத்துப் பொருள்), அதுவும் புரதத்தைப் பிணைக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

என்ன அளவில் கலப்பது? (அதே ஆசிரியர்)

நம் நாட்டு வாய் நோயியல் துறையினர் 20% தேனையும் 30% வெல்லத்தையும் சோதித்திருக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் செல்கள் தெளிவாகத் தெரிய ஏற்றும் வழக்கமான ஹீமடாக்சிலின்-ஈயோசின் சாயத்தில் வெல்லத்தின் ஸ்லைடுகள் ஃபார்மலினுக்கு நெருக்கமாக வந்தன. வகுப்புக்குக் கடை ஆட்டிறைச்சி போதும். மெல்லிய துண்டாக வெட்டி, அதைப்போல் 10 மடங்கு கரைசலில் ஒரு நாள் ஊறவிடுங்கள். பக்கத்திலேயே ஒரு துண்டை ஃபார்மலினிலும் போட்டு ஒப்பிடுங்கள்.

மாதக்கணக்கில் வைக்கலாமா? (மியூசியம் பொறுப்பாளர்)

வேண்டாம். தேனில் நீர் சுமார் 18% மட்டுமே இருப்பதால்தான் அது கெடுவதில்லை. தண்ணீர் விட்டுக் கரைத்தால் அந்தக் காவல் போய்விடும். புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். கெட்டியாக வைத்தாலோ திசு சுருங்கிவிடும்.

எங்கள் சிறிய கிளினிக்கில் ஃபார்மலின் தீர்ந்துவிட்டது. பயாப்ஸியைத் தேனில் அனுப்பலாமா? (மருத்துவர்)

தயவுசெய்து வேண்டாம், டாக்டர். மார்பகப் புற்றுநோய் செல்களில் ஹார்மோனை ஏற்கும் புரதங்கள் உண்டா என்று பார்க்கும் ஹார்மோன் ஏற்பிச் சோதனைக்குத் திசு 6 முதல் 72 மணி நேரம் ஃபார்மலினில் இருக்க வேண்டும் என்பது விதி. முடிவைப் படிக்கும் அளவுகோல்களும் அதை வைத்தே வந்தவை. கெட்டுப்போன துண்டை மீட்க முடியாது. நோயாளியை மறுபடி வெட்ட வேண்டிவரும். உடனே லேபைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் சலைனில் (மருத்துவ உப்பு நீர்) நனைத்த துணியில் சுற்றி, உறையவிடாமல் குளிர்ச்சியாக உடனே கொடுத்தனுப்பச் சொல்வார்கள். இனி, 10% பஃபர் ஃபார்மலின் (அமிலத்தன்மை மாறாமல் சமன்படுத்தியது) நிரப்பிய சிறு பாட்டில்கள் சிலவற்றைக் கைவசம் வைத்திருங்கள்.