ஹெச்-இண்டெக்ஸ் 14 என்றால் கைடு சுமாரா? கேட்டவர்களுக்குப் பதில்

வேலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் ஆசிரியர்களின் பேப்பர் கணக்குப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னது தப்பாகிவிட்டது, இன்பாக்ஸ் நிரம்பி வழிகிறது. முடிந்தவரை எழுதுகிறேன். ஒருவரின் பேப்பரை மற்றவர்கள் தங்கள் பேப்பரில் சுட்டுவது சைட்டேஷன், அதை வைத்து அந்த ஆளுக்குப் போடும் மதிப்பெண் ஹெச்-இண்டெக்ஸ்.

காட்பாடி மாணவர்: சார், என் கைடு கணிதம், ஹெச்-இண்டெக்ஸ் 14. பக்கத்து பயோடெக் சாருக்கு 41. என் கைடு சுமார்தானா?

இல்லை தம்பி. சிஎம்சியில் ரோட்டா வைரஸ் ஆய்வு செய்த ககன்தீப் காங் மாதிரி ஒருவர் எழுதினால், குழந்தைகள் வயிற்றுப்போக்கு, தடுப்பூசி என்று உலகம் முழுக்க எழுதுகிற ஏகப்பட்ட பேர் அதைச் சுட்டுவார்கள். எண் கோட்பாட்டில் ஒரு நுணுக்கமான தேற்றத்தை உட்கார்ந்து படிக்கிறவர்களே கொஞ்சம் பேர், அவர்களும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேப்பர்தான் எழுதுவார்கள், கீழே போடும் மேற்கோள் பட்டியலும் சின்னது. அப்புறம் எங்கிருந்து 41 வரும்? ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால், அதே துறை, அதே வருஷம், அதே வகைக் கட்டுரையின் உலக சராசரியை 1 என்று வைத்துப் போடும் கணக்கு ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் இருக்கிறது, அதைப் பாருங்கள். அதில் 1.4 வந்தால் உங்கள் சார் சராசரியைவிட 40 சதவீதம் மேலே.

எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள்: ஹிக்ஸ் துகளுக்குப் பெயர் தந்த இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் 1964க்குப் பிறகு எழுதியது பத்துக்கும் குறைவான பேப்பர். நோபல் 2013இல் வந்தது.

குடியாத்தம் ஆசிரியை: அந்த ஹெச் எப்படிப் போடுகிறார்கள்?

2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. அதிக சைட்டேஷன் வாங்கிய பேப்பரிலிருந்து வரிசையாக எண்ணுங்கள், எத்தனையாவது பேப்பர் வரை அந்த வரிசை எண்ணுக்குக் குறையாமல் சைட்டேஷன் இருக்கிறதோ அதுதான் ஹெச். ஐந்து பேப்பருக்கு 40, 12, 6, 3, 1 என்று சைட்டேஷன் இருக்கிறது என்று வையுங்கள். மூன்றாவதற்கு 6, மூன்றுக்குக் குறையவில்லை, சரி. நான்காவதற்கு 3தான், நான்கு இல்லை. அதனால் ஹெச் 3. முதல் பேப்பருக்கு 40க்குப் பதில் 9,000 வந்தாலும் அதே 3தான் மேடம், அங்கேதான் எனக்கு எரிச்சல்.

ஆற்காடு உதவிப் பேராசிரியர்: என் பேப்பர்களுக்குக் கூகுள் ஸ்காலர் 620 சைட்டேஷன் காட்டுகிறது, ஸ்கோபஸ் 290. எது நிஜம்?

இரண்டும். ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டு உரை, இணையத்தில் கிடக்கும் பிடிஎஃப் எல்லாவற்றையும் அள்ளும். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த ஜர்னல், மாநாட்டுத் தொகுப்பு, புத்தகங்களை மட்டும் எண்ணும். படிவத்தில் எதைக் கேட்கிறார்களோ அதைப் போட்டு, பார்த்த தேதியையும் எழுதிவிடுங்கள்.

ராணிப்பேட்டை சகோதரி: என் பேப்பர் பாதி என் பெயரில் இல்லையே அண்ணா?

இது நம் ஊர் வியாதி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, படிவமோ விடாது. ஒரு பேப்பரில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், பாஸ்போர்ட் எடுத்த பிறகு அப்பா பெயர் முழுசாக, கல்யாணத்துக்கப்புறம் வேறு இனிஷியல். மென்பொருளுக்கு நீங்கள் நான்கு ஆள். எஸ். குமார் என்று ஒருவர் வந்தார், அவர் கணக்கில் இதயநோய், சிமெண்ட், நிலக்கடலை மூன்றும் இருந்தன, அவர் வேதியியல்! ஆர்கிட் என்று 16 இலக்க எண் இலவசமாகத் தருகிறார்கள், இன்றே வாங்கி இனி அனுப்பும் ஒவ்வொரு பேப்பரிலும் போடுங்கள். பழையதை ஒன்றுசேர்க்க ஸ்கோபஸுக்கே விண்ணப்பிக்கலாம்.

ஆம்பூர் மாணவர்: ஒரு பேப்பருக்கு 5,000 பேர் ஆசிரியராக இருக்க முடியுமா?

2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்த கட்டுரையில் 5,154 பேர். துகள் இயற்பியலில் பெயர்களை அகர வரிசையில் போடுவதுதான் வழக்கம், முதல் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. உயிரியலில் அப்படியில்லை, முதல் பெயர் பெரும்பாலும் லேபில் உழைத்த பிள்ளை, கடைசிப் பெயர் கைடு.

திருப்பத்தூர் மாணவர்: ஒரு ஜர்னல் நான்கே நாளில் அக்செப்ட் பண்ணிவிட்டது, இம்பாக்ட் ஃபேக்டர் 6.8 என்கிறார்கள், 15,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். நான்கு நாளில் யார் படித்துத் திருத்தியிருப்பார்கள்? அசல் இம்பாக்ட் ஃபேக்டர் கிளாரிவேட் நிறுவனம் வருஷாவருஷம் வெளியிடுவது. முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு வந்த சைட்டேஷனை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். அந்தப் பட்டியலில் ஜர்னல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், அவர்கள் தளத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பணம் கட்டும் முன்பே பேப்பரைத் திரும்பப் பெறுவதாக மெயில் போட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.