வாசகர் கேள்வி–பதில்: பனியன் கம்பெனி கணக்கு மொபைலுக்கு மாறும்போது

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் சி ஷார்ப் மொழியில் விண்டோஸ் மென்பொருள் எழுதித் தருகிறேன். பீஸ் ரேட் கணக்கு, சம்பளப் பட்டியல், ஜாப் ஒர்க் சலான் ஆகியவையே என் வேலை. இப்போது முதலாளி ஒருவர், தையல் லைனில் நிற்கும் சூப்பர்வைசர் தன் மொபைலிலேயே உற்பத்தியைப் பதியும்படி ஆண்ட்ராய்டு செயலி கேட்கிறார். நான் ஆண்ட்ராய்டு செயலி எழுதும் மொழியான கோட்லின் கற்பதா, ஒரே நிரலில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் செயலி செய்யும் கருவியான ஃப்ளட்டர் கற்பதா, தெரிந்த சி ஷார்ப்பை வைத்தே சமாளிப்பதா?
– வாசகர், அனுப்பர்பாளையம்

பதில்: சி ஷார்ப்பிலேயே மொபைல் செயலி எழுத வழி இருக்கிறது. முன்பு அதற்குப் பயன்பட்ட ஸாமரினுக்கு 2024 மே 1 அன்று மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. இன்று அதன் இடத்தில் டாட்நெட் மவுயி உள்ளது. ஆயினும் உங்களுக்குத் தேவைப்படுவது ஆண்ட்ராய்டு மட்டும் என்பதால் நான் கோட்லினையே சொல்வேன். ஜெட்பிரெயின்ஸ் உருவாக்கிய அம்மொழியைக் கூகுள் 2017-இல் ஏற்றுக்கொண்டு, 2019 முதல் ஆண்ட்ராய்டுக்கு முதல் மொழியாகவே முன்னிறுத்தி வருகிறது. சி ஷார்ப்பில் லாம்ப்டா, அசிங்க்–அவெயிட் போன்ற வசதிகளை எழுதிப் பழகியவருக்குக் கோட்லின் இலக்கணம் பெரிய தடையாக இராது.

தடை திரை அமைப்பில்தான் வரும். பட்டனை இழுத்து வைத்து, கிளிக் செய்தால் டெக்ஸ்ட்பாக்ஸை மாற்று என்று எழுதும் பழக்கம், ஆண்ட்ராய்டில் திரை அமைக்கும் கூகுள் கருவியான ஜெட்பேக் காம்போஸில் செல்லாது. தரவு மாறினால் அதற்கேற்பத் திரை தன்னைத்தானே மீண்டும் வரைந்துகொள்ளும் என்பதே அங்குள்ள முறை. அதன் முதல் நிலையான பதிப்பு 2021-இல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய யூடியூப் பாடங்கள் பெரும்பாலும் எக்ஸ்எம்எல் எனும் தனிக் கோப்பில் திரை அமைப்பதையே காட்டும். பாடத்தைத் திறக்கும் முன் அது வெளியான ஆண்டைப் பாருங்கள். இரண்டு முறைகளையும் கலந்து படித்துக் குழம்பியவர்கள் பலர்.

ஆனால் மொழியைவிட நீங்கள் அதிக நாள் செலவிட வேண்டியது, மொபைலில் ஒரு செயலி எப்படி உயிர்வாழ்கிறது என்பதைப் புரிந்துகொள்வதில்தான். விண்டோஸில் ஒரு ஃபார்மைத் திறந்தால் நீங்கள் மூடும்வரை அது அப்படியே நிற்கும். மொபைலிலோ சூப்பர்வைசர் ஓவர்லாக் டெய்லரின் பண்டல் எண்ணையும் பீஸ் கணக்கையும் தட்டிக்கொண்டிருக்கும்போது திரை பக்கவாட்டில் திரும்பினாலே, ஆண்ட்ராய்டு அந்தத் திரையை அழித்துப் புதிதாகக் கட்டும். அவர் தட்டிய எண்களை, திரை அழிந்தாலும் தரவைத் தாங்கி நிற்கும் வியூமாடல் என்ற பகுதியில் நீங்கள் வைத்திருக்காவிட்டால் அவை போய்விடும். நடுவில் அழைப்பு வந்து, மெமரி போதாமல் ஆண்ட்ராய்டு செயலியையே கொன்றுவிட்டால் வியூமாடலும் காப்பாற்றாது. ஆகவே பதிவு முடிந்த ஒவ்வொரு வரியையும் அப்போதைக்கப்போதே மொபைலுக்குள் இருக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸில், அதைக் கையாளும் ரூம் என்ற நிரல் தொகுப்பு வழியாக எழுதிவிடுவதே பாதுகாப்பு.

அடுத்தது சிக்னல். தகரக் கூரை ஷெட்டில் நெட் வரும், போகும். தரவை அனுப்பும் வேலையை, பின்னணி வேலைகளைக் கவனிக்கும் ஆண்ட்ராய்டின் ஒர்க் மேனேஜரிடம் ஒப்படைத்தால், இணைப்பு கிடைக்கும்போது அது தானே அனுப்பிக்கொள்ளும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சர்வர் பதிவைப் பெற்றுக்கொண்ட பின், பதில் மொபைலுக்கு வந்து சேரும் முன் இணைப்பு அறுந்தால், செயலி அதே பதிவை மறுபடியும் அனுப்பும். டெய்லருக்குச் சனிக்கிழமைச் சம்பளத்தில் அதே வேலைக்கு இரண்டு முறை கூலி விழும். ஒவ்வொரு பதிவுக்கும் மொபைலிலேயே தனி அடையாள எண்ணை உருவாக்கி, அதே எண் மறுபடியும் வந்தால் சர்வர் புதிதாகச் சேர்க்காதபடி எழுதுங்கள். கூலிக் கணக்கு சம்பந்தப்பட்ட செயலியில் திரையின் அழகுக்கு முன்பாக இதைத்தான் நான் பார்ப்பேன்.

ஃபார்மிலிருந்து நேராக எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸைத் தொடும் வழக்கம் உங்களுக்கு இருக்கலாம். மொபைலில் அது கூடவே கூடாது. செயலியின் நிறுவல் கோப்பான ஏபிகே கோப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவரும் அதனுள் இருக்கும் பாஸ்வேர்டை எடுத்துவிடுவார். செயலியின் கோரிக்கையை வாங்கி டேட்டாபேஸிடம் சேர்க்கும் ஒரு வெப் ஏபிஐ நடுவில் வேண்டும். அதை நீங்கள் மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட்நெட் கோரில் எழுதலாம் என்பதால், இத்தனை ஆண்டு சி ஷார்ப் அனுபவம் முழுவதும் அங்கே பயன்படும். கம்பெனிக்குள் மறையாக்கம் இல்லாத வெறும் எச்டிடிபி முகவரி கொடுத்துவிட்டு ஏன் இணையவில்லை என்று திகைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் அது இயல்பாகவே தடுக்கப்படுகிறது.

கேள்வி: என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம்தான் உள்ளது. ஃப்ளட்டர் கற்றால் ஐபோனுக்கும் சேர்த்தே செயலி செய்துவிடலாம் என்கிறார்களே?
– கல்லூரி மாணவி, பெருந்துறை

பதில்: ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டில் ஒரே நிரலை இரண்டுக்கும் எழுதலாம் என்பது உண்மை. ஆனால் ஐபோன் செயலியாக அதைக் கட்டி முடிக்க ஆப்பிளின் எக்ஸ்கோடு மென்பொருள் வேண்டும்; எக்ஸ்கோடு மேக் கணினியில் மட்டுமே ஓடும். ஆப் ஸ்டோரில் வெளியிட ஆண்டுக்கு 99 டாலர் கட்டணமும் உண்டு. கற்கும் காலத்தில் ஆண்ட்ராய்டில் மட்டும் ஓட்டிப் பழகுங்கள். 8 ஜிபியில், செயலி எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் கணினிக்குள் போலி மொபைலைக் காட்டும் எமுலேட்டரும் சேர்ந்து ஓடினால் லேப்டாப் திணறும். எமுலேட்டரை விட்டுவிட்டு யுஎஸ்பி கேபிளில் உங்கள் மொபைலையே இணைத்துச் சோதியுங்கள். வீட்டில் பழைய மொபைல் இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் மந்தமாக ஓடும் இடங்களை அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: எங்கள் ஏற்றுமதி நிறுவன ஊழியர்களுக்கு மட்டுமான செயலியைப் பிளே ஸ்டோரில் ஏற்றப் போனால், 12 பேரைச் சோதிக்க வைக்கச் சொல்கிறது. வேறு வழி உண்டா?
– வாசகர், கரூர்

பதில்: 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கப்பட்ட தனிநபர் கணக்குகளுக்கே அந்த விதி, 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்தால்தான் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். உங்களுக்குப் பொது வெளியீடே தேவையில்லை. பிளே ஸ்டோருக்குச் செயலியை ஏற்றும் தளமான பிளே கன்சோலின் உள் சோதனைப் பிரிவில் 100 பேர் வரை சேர்க்கலாம்; அல்லது ஏபிகே கோப்பை நேரடியாகவே நிறுவித் தரலாம். நேரடியாகத் தருவதானால், செயலி உங்களுடையதே என்று உறுதிசெய்யும் கையொப்பச் சாவிக் கோப்பையும் அதன் பாஸ்வேர்டையும் இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால் புதிய பதிப்பு பழையதன் மேல் ஏறாது. ஒவ்வொரு ஊழியரின் மொபைலிலும் செயலியை நீக்கி மறுபடியும் நிறுவ வேண்டியிருக்கும், அப்போது சர்வருக்குப் போய்ச்சேராத பதிவுகளும் உடன் அழிந்துவிடும்.