உயர்மாடி வீட்டு ஜன்னல்கள்: கேள்விகளும் பதில்களும்

அலுமினிய ஜன்னல்களைப் பொருத்துவதிலும் பழுது பார்ப்பதிலும் நெடுநாள் பழக்கமுள்ள ஒருவர், அடுக்குமாடிக் குடியிருப்பாளர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள் இவை.

கேள்வி: ஐயா, நாங்கள் 14ஆவது மாடியில் வசிக்கிறோம். ஜன்னல்கள் வெளிப்பக்கம் திறப்பவை. பொருத்தி 18 ஆண்டுகள் ஆகின்றன. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. இருந்தாலும் பயமாக இருக்கிறது. எதை முதலில் பார்க்க வேண்டும்?

பதில்: ரிவிட்டை, அதாவது உலோகத் துண்டுகளைத் துளை வழியாக இறுக்கிப் பிணைக்கும் தறையாணியைப் பாருங்கள். ஜன்னல் கதவைத் திறந்தால், கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே கத்தரிக்கோல் போல விரியும் எஃகுப் பட்டைகள் தெரியும். ஃபிரிக்‌ஷன் ஸ்டே எனப்படும் இந்தப் பட்டைகள்தான் கதவின் எடை முழுவதையும் சுமக்கின்றன. ஆனால் அந்தப் பட்டைகளைச் சட்டத்தோடும் கதவோடும் பிணைத்திருப்பவை சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ரிவிட்டுகள் சில மட்டுமே. பழைய ஜன்னல்கள் பலவற்றில் இவை அலுமினியத்தால் ஆனவை. துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மழைநீரோ கடற்காற்றின் உப்போ தங்கினால் அங்கே ஒரு சிறிய மின்கலமே உருவாகிவிடுகிறது. அதில் அரிக்கப்படுவது எப்போதும் அலுமினியம்தான். சிங்கப்பூரில் இப்படி ஜன்னல்கள் விழுந்ததால், வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்களில் உள்ள அலுமினிய ரிவிட்டுகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ரிவிட்டுகளைப் பொருத்துவதை 2004ஆம் ஆண்டில் வீட்டு உரிமையாளர்களின் சட்டப்படியான கடமையாகவே ஆக்கிவிட்டார்கள்.

ரிவிட்டின் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருந்தாலோ, தலை மங்கிப் பள்ளம் விழுந்திருந்தாலோ, ஓரிடத்தில் ரிவிட்டே இல்லாமல் வெறும் துளை மட்டும் இருந்தாலோ, அந்த ஜன்னலை மூடிவிட்டு ஆளை அழையுங்கள். கதவை மூடும்போது அதன் கீழ் விளிம்பு சட்டத்தில் இடிப்பதும், கைப்பிடியைத் திருப்புவதற்காகக் கதவைச் சற்றே தூக்க வேண்டியிருப்பதும் அதே நோயின் அறிகுறிகள். ஆட்டிப் பார்த்துச் சோதிக்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். அது வேண்டாம், எஞ்சியிருக்கும் ஒரு ரிவிட் அந்த ஆட்டத்துக்காகவே காத்திருக்கலாம்.

கேள்வி: இரு உலோகங்கள் தொடுவதுதான் சிக்கல் என்றால், எஃகு ரிவிட்டை அலுமினியச் சட்டத்தில் அடித்தாலும் அதே அரிப்பு வராதா?

பதில்: நல்ல கேள்வி, தொழிலில் இருப்பவர்களே பலர் இதைக் கேட்பதில்லை. அரிப்பு அங்கும் உண்டு. வேகத்தைத் தீர்மானிப்பது இரு உலோகங்களின் பரப்பளவு விகிதம். பெரிய எஃகுப் பட்டைக்கு எதிரே ஒரு துளி அலுமினிய ரிவிட் நிற்கும்போது, மொத்த அரிப்பும் அந்தத் துளியில் குவிகிறது. எஃகு ரிவிட்டைச் சுற்றி அகன்ற அலுமினியச் சட்டம் இருக்கும்போது அதே அரிப்பு பெரும்பரப்பில் பரவி மெதுவாகிவிடுகிறது. இருந்தாலும் பழைய துளை அரித்து அகன்றிருந்தால் புதிய ரிவிட் அதில் பிடிக்காது. அப்போது பட்டையைச் சற்று நகர்த்திப் புதுத் துளை போட வேண்டும். அதே துளையில் தடித்த ரிவிட்டை அடித்துவிட்டுப் போகும் வேலையை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

கேள்வி: பழுது பார்க்க வந்தவர் ரிவிட்டில் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்பதால் அது அலுமினியம்தான் என்றார். சரியா?

பதில்: சரியல்ல. ஜன்னல் உதிரிப்பாகங்களில் பயன்படும் துருப்பிடிக்காத எஃகு வகைகளில் பெரும்பாலானவற்றிலும் காந்தம் ஒட்டாது, அல்லது ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும். நிறத்தையும் பளபளப்பையும் பாருங்கள்: எஃகு ரிவிட் பல ஆண்டுகள் கழித்தும் மின்னும், அலுமினிய ரிவிட் சாம்பல் பூத்திருக்கும்.

கேள்வி: எங்களுடையது பக்கவாட்டில் நகரும் ஜன்னல். இதில் ரிவிட் இல்லையே, ஆபத்தும் இல்லைதானே?

பதில்: ஆபத்து வேறு வழியில் வருகிறது. நகரும் கதவு, கீழே சக்கரத்திலும் தடத்திலும் நின்று, மேலே சட்டத்தின் பள்ளத்துக்குள் நுழைந்திருக்கிறது. பொருத்தும்போது கதவைத் தூக்கி உள்ளே விடுவதற்காக மேல் பள்ளத்தில் இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி வழியாகவே அது வெளியேயும் வரக்கூடும். இதைத் தடுப்பதற்காகக் கதவின் மேற்பகுதியில் ஒரு தடுப்புக் கட்டையும், தடத்தின் கோடியில் ஸ்டாப்பரும் இருக்க வேண்டும். சுத்தம் செய்யவோ சக்கரம் மாற்றவோ கதவைக் கழற்றுபவர்கள் இவற்றைத் திரும்பப் பொருத்த மறந்துவிடுவது, நான் மிக அதிகமாகக் கண்ட குறை. தடத்தில் மண் சேர்ந்து சக்கரம் தேய்ந்திருந்தால் கதவு நகராமல் மல்லுக்கட்டும். அப்போது வேகமாகத் தள்ளுவதுதான் அதைத் தடத்திலிருந்து கிளப்பிவிடுகிறது.

கேள்வி: இறுகிப்போன ஜன்னலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன். தவறா?

பதில்: தவறுதான். எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். தடத்தைத் தூரிகையால் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் சிறிதளவு சிலிகோன் ஸ்ப்ரே அடித்தால் போதும். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலில் பட்டைகளின் மூட்டுகளுக்கு மட்டும் ஒரு சொட்டு. கதவு திறக்கும்போது பட்டையின் தடத்தில் நழுவும் சிறு கட்டையில் எதுவும் படக்கூடாது, ஏனெனில் அதன் உராய்வுதான் காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் பிடித்து வைக்கிறது.

கேள்வி: நள்ளிரவில், யாருமே தொடாத நிலையில், எங்கள் ஜன்னலின் டெம்பர்டு கண்ணாடி வெடித்துச் சிதறியது. கண்ணாடி தரக்குறைவானதா?

பதில்: அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. டெம்பர்டு கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்விக்கும்போது அதன் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் உறைந்துவிடுகின்றன. அதன் வலிமைக்குக் காரணமும் அதுதான், உடைந்தால் மொத்தமாக நொறுங்குவதற்குக் காரணமும் அதுதான். உருக்கும்போது உள்ளே சிக்கிய நிக்கல் சல்ஃபைடின் நுண்துகள் ஒன்று, பின்னர் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தன் படிக வடிவத்தை மாற்றிக்கொண்டு பருத்து, ஒருநாள் அந்த இழுவிசைப் பகுதியில் விரிசலைத் தொடங்கிவிடும். உடைந்த துண்டுகள் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், விரிசல் தொடங்கிய புள்ளியில் வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளைப் போன்ற இரண்டு பெரிய துண்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்; அது இந்தக் காரணத்தின் கையெழுத்து. ஆனால் பொருத்தும்போது கண்ணாடியின் ஓரத்தில் பட்ட சிறு சேதமும், கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்திருக்கும் ரப்பர் பட்டையான பீடிங் நழுவிக் கண்ணாடி சட்டத்தின் உலோகத்தைத் தொட்டதும் இதே விளைவைத் தரும்.

மாற்றும்போது, தொழிற்சாலையிலேயே மீண்டும் சூடேற்றி, பலவீனமான கண்ணாடிகளை அங்கேயே உடையவைக்கும் ஹீட் சோக் சோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். கீழே ஆள் நடமாட்டம் உள்ள பக்கம் என்றால் நான் லேமினேட்டட் கண்ணாடியையே பரிந்துரைப்பேன். இரண்டு கண்ணாடிகளை நடுவே ஒரு படலம் வைத்து ஒட்டியது அது; உடைந்தாலும் அந்தப் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். விலை கூடும், எடையும் கூடும், ஆகவே பழைய பட்டைகள் அந்த எடையைத் தாங்குமா என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறாள். கொசுவலை அடித்திருக்கிறோம். போதாதா?

பதில்: போதாதம்மா. கொசுவலை கொசுவைத் தடுப்பதற்கு; குழந்தை சாய்ந்தால் சட்டத்தோடு வெளியே போய்விடும். திறப்பு 10 சென்டிமீட்டருக்கு மேல் விரியாதபடி தடுக்கும் கட்டுப்படுத்தியைப் பொருத்துங்கள், அல்லது கம்பித் தடுப்பு வையுங்கள். நியூயார்க் நகரம் 1976லேயே, 10 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடைய குழந்தைகள் வசிக்கும் அடுக்குமாடி வீடுகளில் ஜன்னல் தடுப்புகளைப் பொருத்தும் பொறுப்பைக் கட்டட உரிமையாளர்கள்மீது சுமத்தியது. கம்பித் தடுப்பு வைத்தால், தீ விபத்தின்போது பெரியவர் ஒருவர் உள்ளிருந்து திறக்கக்கூடிய பகுதி ஒன்று அதில் இருக்கட்டும். அந்தப் பகுதியைப் பூட்டி வைத்தால் சாவி எங்கே என்று வீட்டில் எல்லாப் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஜன்னலருகே கட்டில், நாற்காலி, பொம்மைப் பெட்டி எதுவும் வேண்டாம்.

கேள்வி: எத்தனை காலத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்?

பதில்: ஹாங்காங்கில் 2012 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தின்படி, மூன்று மாடிக்கு மேற்பட்ட, 10 ஆண்டுகள் நிறைந்த கட்டடங்களுக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டால், தகுதிபெற்றவரைக் கொண்டு ஜன்னல்களைச் சோதித்தாக வேண்டும், அங்கே இந்தச் சுழற்சி ஐந்து ஆண்டுகள். என் கணக்கு இன்னும் கடுமையானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே கண்ணால் பாருங்கள். பெருங்காற்று வீசிய மறுநாளும் பாருங்கள். காற்றின் வேகம் இருமடங்கானால் கதவின்மீது அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகிறது என்பதால், வெளியே கிளம்பும்போது ஜன்னல்களை மூடித் தாழிட்டுவிட்டுப் போவது எந்தச் சோதனையையும்விடப் பயனுள்ளது.

கேள்வி: வெளிப்பக்கக் கண்ணாடியை எப்படித் துடைப்பது?

பதில்: இரு பாதங்களும் தரையில் இருக்கும்போது கை எட்டும் அளவுக்கு மட்டும். மிச்சம் அழுக்காகவே இருக்கட்டும்.

கேள்வி: நேற்று ஒரு ஜன்னல் கதவு ஒரு பக்கம் தொங்கிவிட்டது. ஆள் வர இரண்டு நாளாகும் என்கிறார்கள். அதுவரை என்ன செய்வது?

பதில்: மூட முடிந்தால் மெதுவாக மூடித் தாழிட்டு, வீட்டில் வேறு யாரும் திறந்துவிடாதபடி கைப்பிடியில் ஒரு சீட்டை ஒட்டி வையுங்கள். மூட முடியாமல் வெளியே தொங்குகிறது என்றால், தனியாக இழுக்க முயலாதீர்கள். 20ஆவது மாடியின் உயரமான சுமார் 60 மீட்டரிலிருந்து நழுவும் கதவு மூன்றரை நொடியில் தரையைத் தொட்டுவிடும், கீழே இருப்பவருக்குக் கத்திச் சொல்லக்கூட நேரம் இருக்காது. முதலில் கட்டட நிர்வாகத்தை அழைத்து, உங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே உள்ள இடத்தைக் கயிறு கட்டி மறிக்கச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட நிலை என்றால் இரண்டு நாள் காத்திருக்கவும் வேண்டாம். இன்றே வரக்கூடிய வேறு ஆளைத் தேடச் சொல்லுங்கள்.