காதுக்குள் வண்டு: கேள்விகளும் பதில்களும்

வேலூரிலும் சுற்றுப்புற ஊர்களிலும் முப்பது ஆண்டுகள் செவித்திறன் சோதனை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஒன்பது ஆண்டுகளாக, வெளியில் எந்த ஒலியும் இல்லாதபோதும், என் இரு காதுகளிலும் சில்வண்டுச் சத்தம் இருக்கிறது. இந்தக் காதிரைச்சல் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. ஆகவே சோதனை மேசையின் இரண்டு பக்கங்களிலும் அமர்ந்தவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ளலாம். மருந்து எழுதித் தருவது மருத்துவரின் வேலை என்பதால் அதை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். காதில் எண்ணெய் ஊற்றலாமா என்று கேட்க நினைப்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஊற்றக் கூடாது.

காட்பாடி வாசகர்: மூன்று வாரங்களுக்கு முன் ஒரு திருமணத்தில் செண்டை மேளத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தேன். அன்றிரவு தொடங்கிய 'கொய்ங்' என்ற சத்தம் இன்னும் நிற்கவில்லை. தூக்கமே இல்லை. மூளையில் ஏதேனும் கோளாறா?

கோளாறு தொடங்கிய இடம் மூளையன்று, உட்காது. நத்தைக்கூடு போன்ற அந்த உறுப்பில், ஒவ்வொரு காதிலும், ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. பெருஞ்சத்தம் அவற்றைக் காற்றில் சாய்ந்த நாற்றுப் போலச் சாய்த்துவிடும். சில நிமிர்ந்துகொள்ளும், சில மடிந்துபோகும். மடிந்தவை கோழிக்குத் திரும்ப முளைக்கும், நமக்கு முளைப்பதில்லை. அந்த இடத்திலிருந்து செய்தி வருவது குறைந்ததும், சரியாகக் கேட்காத வானொலியின் ஒலியளவை நாம் கூட்டுவது போல, மூளை தன் பக்கத்தில் கூட்டிவைக்கிறது. அப்படிக் கூட்டும்போது எழும் இரைச்சலைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இந்த இரைச்சல் நோயாளிகளுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நல்ல செவித்திறன் உடைய 80 பேரை ஒலி புகாத அறையில் அமர்த்தி என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 1953-இல் வெளியான அந்த ஆய்வில் 94 விழுக்காட்டினர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாக எழுதியிருந்தனர். முழு அமைதியில் யாருக்கும் கேட்கக்கூடிய ஒன்று உங்களுக்குச் சற்று உரக்கக் கேட்கிறது, அதோடு அதைப் பார்த்து நீங்கள் பயந்தும் போயிருக்கிறீர்கள். பயம் இருக்கும்வரை மூளை அதை எச்சரிக்கை மணியாக எண்ணிக் காவல் காக்கும். பயம் தணிந்தால், கூரைமேல் பெய்யும் மழையைப் போல அதைப் பின்னுக்குத் தள்ளும். பலருக்கு இது சில மாதங்களில் நடக்கிறது. நடக்காதவர்களுக்கு உதவுவதாக மிகுதியான சான்று உள்ள வழி, எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான். அது சத்தத்தைக் குறைக்காது, சத்தத்தால் வரும் தவிப்பைக் குறைக்கும்.

இரவுக்கு ஒரு யோசனை. அறையை நிசப்தமாக்காதீர்கள். மின்விசிறியை இரண்டில் வைத்துப் படுங்கள். 'கொய்ங்' முழுவதும் மூழ்கிவிடக் கூடாது, விசிறிச் சத்தத்துக்கு அடியில் மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முழுவதும் மூழ்கடித்தால் மூளை அதனோடு பழக வாய்ப்பே கிடைக்காது. இத்தனைக்கும் முன், ஒரு முறை காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து ஆடியோகிராம் (செவித்திறனைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்துவாச்சாரி வாசகர்: நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி இரண்டு சொட்டு விடலாமா?

கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேரே நடுக்காதுக்குள் போய்ச் சீழ் வைக்கும். ஓட்டை இல்லையென்றாலும் பழுது இருக்கும் உட்காதுக்கு அது போய்ச் சேரப் போவதில்லை.

ராணிப்பேட்டை வாசகர்: முந்தாநாள் காலையில் எழுந்தபோது வலது காது அடைத்தது போல இருந்தது. அதில் இரைச்சலும் உண்டு, தொலைபேசியில் பேசினால் எதுவும் கேட்பதில்லை. அழுக்காக இருக்கும் என்று மருந்துக்கடையில் சொட்டு மருந்து தந்தார்கள். அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

அடுத்த வாரம் வேண்டாம், இன்றே போங்கள். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுத்துப் பாருங்கள். அடைத்த காதின் பக்கம் உரக்கக் கேட்டால் அழுக்காகவோ நீராகவோ இருக்கலாம். நல்ல காதின் பக்கம் உரக்கக் கேட்டால் உட்காதோ அதன் நரம்போ திடீரென்று செயல் குன்றியிருக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் செய்யும் இந்தச் சோதனை உங்களைக் கிளப்புவதற்குத்தான். விடை எதுவாக இருந்தாலும் போக வேண்டும். திடீர்க் கேள்விழப்புக்கு ஸ்டீராய்டு தருவது வழக்கம். அதை முதல் சில நாட்களில், தவறினால் இரண்டு வாரங்களுக்குள் தொடங்க வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியோ, சி.எம்.சி.யோ, அருகில் உள்ள காது மருத்துவரோ, எவர் இன்று பார்ப்பாரோ அவரிடம் போங்கள். இதற்கு மேல் படிக்காமல் கிளம்புங்கள்.

ஆரணி ஆசிரியை: இரைச்சலைக் காட்டிலும் எனக்குப் பிற சத்தங்கள்தாம் தொல்லை. எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்தால் காதுக்குள் ஊசி குத்துவது போல இருக்கிறது. குக்கர் விசில் வரும் முன்பே உடல் விறைத்துவிடுகிறது. இரண்டு மாதங்களாக வீட்டிலும் பஞ்சு இயர்பிளக் போட்டபடியே இருக்கிறேன், ஆனால் நாளுக்கு நாள் மோசமாகிறது.

மோசமாவதற்கு அந்த இயர்பிளக்கே ஒரு காரணம். இருட்டறையில் இரண்டு மாதம் இருந்தவருக்கு வாசல் வெளிச்சமே கண்ணைக் கூசும் அல்லவா? மேலே சொன்ன அந்த ஒலியளவுத் திருகு, வெளிச்சத்தம் குறையக் குறைய இன்னும் மேலே ஏறும். நல்ல காது உடையவர்களையே இரண்டு வாரம் காதை அடைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்த ஆய்வில் அவர்களுக்கு ஒலிக்கூச்சம் கூடியது. மெல்லிய இரைச்சலைத் தொடர்ந்து கேட்டவர்களுக்குத் தாங்கும் திறன் கூடியது.

ஒரே நாளில் கழற்றி எறிய வேண்டாம். முதலில் வீட்டில் தனியாக இருக்கும் அரை மணி நேரத்துக்குக் கழற்றுங்கள்; கைபேசியில் மழைச் சத்தத்தை, இருக்கிறதா என்று ஐயப்படும் அளவுக்கு மெதுவாக ஓடவிடுங்கள். சில நாள் சென்றபின் ஒரு மணி நேரமாக்குங்கள். சமையற்கட்டில் தட்டுகளுக்கு அடியில் துணி விரித்துக்கொள்வது கோழைத்தனம் அன்று. குக்கருக்கு நீங்களே அடுப்பருகில் நின்று விசில் எப்போது வரும் என்று பார்த்திருங்கள். எதிர்பார்த்து வரும் சத்தம் திடுக்கிட வைக்கும் சத்தத்தைவிடக் குறைவாகவே வலிக்கும். முகம் ஒரு பக்கம் இழுத்தது போல இருந்தால் மட்டும் இவை எவற்றையும் செய்யாமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். முக நரம்பு செயலிழந்தால் காதின் உள்ளே உள்ள சிறு தசையும் தளர்ந்து ஒலிக்கூச்சம் வரும்.

வாலாஜாபேட்டை வாசகர்: ஜிங்கோ என்ற மர இலைச்சாற்று மாத்திரை மூன்று மாதத்தில் குணமாக்கும் என்று விளம்பரம் வருகிறதே?

பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். 2014-இல் அமெரிக்கக் காது மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி ஜிங்கோவையும் துத்தநாகத்தையும் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

வந்தவாசி வாசகர்: எனக்கு நாடித் துடிப்போடு சேர்ந்து 'தப் தப்' என்று கேட்கிறது.

அது வேறு வகை, இரத்தக் குழாய் தொடர்பானதாக இருக்கலாம். மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்னால் ஸ்கேன் எடுங்கள். நான் பதில் சொல்லக்கூடிய கேள்வி இது அன்று.

செய்யாறு பம்பைக் கலைஞர்: ஐயா, இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கூத்துக்கும் கோயிலுக்கும் பம்பை அடிக்கிறேன். சென்ற பாரதக் கூத்து முடிந்ததிலிருந்து இரைச்சல். ஆசிரியை அம்மாவுக்கு அடைப்பானைக் கழற்றச் சொன்னீர்கள், எனக்கும் அதுதானா?

உங்களுக்கு நேர் எதிர். அம்மா தட்டுச் சத்தத்துக்கு அடைக்கிறார். உங்கள் இடுப்பிலோ காதிலிருந்து இரண்டு முழத் தொலைவில் பம்பை இருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குப் போனால் 15 நிமிடம்தான், நீங்களோ விடிய விடிய அடிக்கிறீர்கள். பஞ்சு வேண்டாம், அது கீச்சு ஒலிகளை மிகுதியாகவும் கனத்த ஒலிகளைக் குறைவாகவும் தடுப்பதால் பாட்டு மங்கிப்போகும், நீங்களும் ஈடுகட்ட ஓங்கி அடிப்பீர்கள். இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்த அடைப்பான்கள் எல்லாச் சுரத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும். கூத்து வாத்தியார் பாடுவது கேட்கும், தாளம் தப்பாது.

குடியாத்தம் விசைத்தறித் தொழிலாளர்: முப்பது வருடம் தறி ஓட்டுகிறேன், நான்கு தறி ஒரே கூரைக்கு அடியில். எனக்கு எந்த இரைச்சலும் இல்லை. இதெல்லாம் வேலையில்லாதவர்களுக்கு வரும் நினைப்பு. வீட்டில்தான் நான் தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பதாகச் சண்டை.

பம்பைக் கலைஞர்: அண்ணே, நினைப்பு என்று சொல்லாதீர்கள். என்னோடு முகவீணை வாசித்தவருக்கு இப்போது கூப்பிட்டால் கேட்பதில்லை.

ஆரணி ஆசிரியை: எனக்கு வேலை இல்லை என்று யார் சொன்னது? நாற்பது பிள்ளைகளைச் சமாளித்துவிட்டுத்தான் வருகிறேன்.

விசைத்தறித் தொழிலாளர்: அம்மா, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் தறிக்குப் பயந்தால் எங்களுக்குச் சோறு ஏது?

சோற்றை விடச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. தறிச்சத்தம் காதை முதலில் தாக்கும் இடம் 4,000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சு ஒலியின் சுற்றுவட்டாரம். தறிக்காரர் பலரின் ஆடியோகிராமில் அந்த இடத்தில் கோடு பள்ளத்தில் இறங்கி மீண்டும் ஏறும். தடித்த ஆண்குரல் அதற்குக் கீழே இருப்பதால் அது கேட்கும். ச, ஸ போன்ற சீறும் ஒலிகள்தாம் முதலில் நழுவும். பேரன் 'சட்டை' என்றால் 'அட்டை' என்று காதில் விழும், 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்' என்று திட்டுவோம். என்னிடம் வந்த தறிக்காரர் ஒருவர், ஹெட்போனில் மணி ஒலித்தால் விரலைத் தூக்க வேண்டும் என்று சொல்லி உட்கார வைத்தபோது, 4,000-இல் நான் முழு ஒலியளவுக்குத் திருகியும் விரலை மடியிலேயே வைத்துக்கொண்டு, "எப்போது ஆரம்பிப்பீர்கள்?" என்று கேட்டார். இரைச்சல் இல்லாதது உங்கள் நல்லூழ். இழப்பு இல்லை என்பதற்கு அது சான்று ஆகாது. காதுமூடி போட்டுக்கொண்டு தறி ஓட்டுங்கள், நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும்.

திருவலம் வாசகர்: கூம்பு ஒலிபெருக்கிகளை அடியோடு தடை செய்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லையே?

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. கூத்து தொடங்குவதே பத்து மணிக்கு என்பதால் இது ஊருக்கு ஊர் தகராறாகவே நிற்கிறது, அதற்குள் நான் நுழையவில்லை. காது பற்றி மட்டும் சொல்கிறேன்: கூம்பு கலைஞர்களின் தலைக்குப் பின்னே இருக்கக் கூடாது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அதன் அடியில் உட்காரவும் கூடாது.

தோட்டப்பாளையம் வாசகர்: கடுகெண்ணெயாவது?

நல்லெண்ணெய், கடுகெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் கூடாது. காது குடையும் பஞ்சுக்குச்சியும் கூடாது. அடுத்து எண்ணெய் பற்றி வரும் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

ஆம்பூர் வாசகர்: அப்பாவுக்கு 71 வயது, காது மந்தம், இரைச்சலும் உண்டு. செவிக்கருவி இரைச்சலைக் கூட்டுமா?

பெரும்பாலும் குறைக்கும். வெளிச்சத்தம் உள்ளே போனால் மூளை திருகை இறக்கும். சோதனை செய்து, அவர் காதுக்கு ஏற்ப அமைத்துத் தரும் இடத்தில் வாங்குங்கள்.

காட்பாடி வாசகர் (மீண்டும்): நேற்று நீங்கள் சொன்னபடி விசிறியை இரண்டில் வைத்துப் படுத்தேன். சற்று நேரம் சத்தம் மறந்துபோனது போல இருந்தது. 'இருக்கிறதா, போய்விட்டதா' என்று காது கொடுத்துப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டது. நடு இரவில் மின்சாரமும் போய்விட்டது.

காது கொடுத்துப் பார்த்ததுதான் தவறு. எத்தனை நிமிடம் மறந்திருந்தோம் என்று கணக்கும் வைக்காதீர்கள், அதுவும் தேடுவதுதான். மின்சாரம் போகும் இரவுகளுக்கு, பேட்டரியில் ஓடும் சிறு வானொலியை நிலையம் பிடிக்காத இடத்தில் திருப்பி, தலையணைக்கு இரண்டடி தள்ளி மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருப்பதும் அதுதான். வைகாசிப் புழுக்கத்தில் விசிறி நின்றால் தூக்கம் கெடுவது வேலூரில் எல்லோருக்கும் நடப்பது, அந்தப் பழியையும் காதின்மேல் போட வேண்டாம்.