பாணியை மாற்றினால் பழையது வீணா?

கேள்வி: பல வருடங்களாக நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகள் வரைகிறேன். கொஞ்ச நாளாக அதில் மனம் ஒட்டவில்லை. கை வைத்தாலே முகமில்லாத மனித உருவங்கள்தான் வருகின்றன. "பழைய படங்கள்தான் அழகு" என்கிறார்கள் நண்பர்கள். ஓவியர்கள் ஏன் பாணியை மாற்றுகிறார்கள்? நான் பழையபடியே வரையட்டுமா?

பதில்: வேண்டாம், இப்போது வருவதையே வரையுங்கள்.

சில சமயம் உடல் மாற்றுகிறது. 1941-ல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு படத்தைத் தாங்கும் சட்டத்தின் முன்னால் நின்று வரைவது பிரெஞ்சு ஓவியர் மத்தீஸுக்குச் சிரமமாகிவிட்டது. வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டிப் படமாக்கினார். சில சமயம் ஊர் மாற்றுகிறது. 1886-ல் பாரிஸுக்குப் போன டச்சு ஓவியர் வான்கோவின் இருண்ட பழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பளிச்சென்ற நிறங்களானது.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் பிலிப் கஸ்டன். 1950-களில் இளஞ்சிவப்பும் சிவப்பும் மிதக்கும் அருவ ஓவியங்களால் (அடையாளம் காணும்படி எந்த உருவமும் இல்லாதவை) அமெரிக்காவில் பெயர் பெற்றவர். அடுத்த பத்தாண்டில் வெளியே போரும் வன்முறையும் நடக்க, ஸ்டுடியோவுக்குள் ஒரு நிறத்தை இன்னொன்றுக்கு ஏற்பச் சரிசெய்துகொண்டிருப்பது அவருக்குத் தாங்கவில்லை. 1970-ல் நியூயார்க்கில் வைத்த கண்காட்சியில் கார்ட்டூன் போன்ற உருவங்கள்: கூ கிளக்ஸ் கிளான் என்ற அமெரிக்க வெள்ளை இனவெறிக் கும்பலின் முகமூடிகள், சுருட்டுகள், ஷூக்கள். விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கி எழுதினார்கள். நெருங்கிய நண்பரான இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மன் விலகிப் போனார். கஸ்டன் மட்டும் நிறுத்தவில்லை. 1980-ல் இறக்கும்வரை உருவங்களையே வரைந்தார். விற்பனைக்காகத்தான் பாணியை மாற்றுகிறார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவருக்கோ அது நஷ்டம்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த முகமூடிகள் 1930-களிலேயே, அவர் இளைஞராக இருந்தபோது வரைந்த படங்களில் இருந்தவை. இளஞ்சிவப்போ அருவ ஓவியங்களிலிருந்து வந்தது. சொல்ல வேண்டியதைப் பழைய வடிவம் தாங்காதபோது வடிவம்தான் போகிறது, உள்ளே இருந்தது தங்கிவிடுகிறது.

அதனால் பழைய படங்களைக் கிழித்துப் போடாதீர்கள். புதியவற்றோடு ஒரே சுவரில் மாட்டி, எது தொடர்கிறது என்று தேடுங்கள்: வெளிச்சமா, நிறமா, நீங்கள் வெறுமையாக விடும் இடமா? எதுவுமே தொடரவில்லை என்றால், அண்மையில் பார்த்த யாருடைய படமாவது உங்களைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதிலும் தப்பில்லை. வான்கோ 1887-ல் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் அச்சுப் படங்களை நகலெடுத்தே பழகினார். அப்புறம், இன்னும் நிறைய வரைந்து முடிக்கும்வரை நண்பர்களிடம் கருத்துக் கேட்காதீர்கள்.