உள்ளரங்கம் கட்டுவதற்கு முன் உயரத்தை அளந்துவிடுங்கள்: கேள்வி பதில்

குடியிருப்புச் சங்கங்களும் நகர் நலச் சங்கங்களும் உள்விளையாட்டு அரங்கம் பற்றி அனுப்பிய கேள்விகளுக்குக் கட்டுமானப் பொறியாளர் ஒருவரின் பதில்கள்.

சோழிங்கநல்லூர், சங்கச் செயலாளர்: சார், 400 வீடுகளுக்கு மேல் உள்ள வளாகம். கிளப் ஹவுஸ் முதல் மாடியில் 60 அடிக்கு 40 அடி ஹால் சும்மா கிடக்கிறது. இரண்டு ஷட்டில் கோர்ட் போடலாமா?

நீள அகலம் சொன்னீர்கள், உயரத்தைச் சொல்லவில்லை. எல்லாரும் இதைத்தான் விடுகிறார்கள். மாடி ஹால் என்றால் 12 அடிக்கு மேல் இருக்காது. அப்படியானால் ஷட்டிலை மறந்துவிடுங்கள். பின்கோட்டிலிருந்து உயரத் தூக்கி அடித்தால் ஷட்டில் காக் சீலிங்கில்தான் போய் இடிக்கும். உலக பேட்மின்டன் சம்மேளனம் பெரிய போட்டிகளுக்கு 12 மீட்டர், அதாவது ஏறத்தாழ 40 அடி கேட்கிறது. குடியிருப்பு ஆட்டத்துக்கு 25 அடி இருந்தாலே நான் சரி என்பேன். தரையளவிலும் உங்கள் கணக்கு இடிக்கிறது. ஒரு கோர்ட் 44க்கு 20 அடி. சுற்றிலும் ஆறடி விட்டால் அந்த ஹாலில் ஒன்றுதான் ஒழுங்காக அடங்கும்.

அதே ஹால் டேபிள் டென்னிஸுக்கு அருமையான இடம். மேசைக்கு 30க்கு 15 அடி ஒதுக்கினால் நான்கு மேசை போடலாம். மிச்சமுள்ள பத்தடிப் பட்டையில் கேரம் போர்டுகளை வரிசையாகப் போடுங்கள். கேரம் என்றதும் சில கமிட்டி உறுப்பினர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டு முறை உலக சாம்பியனாகி அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் நம்ம ஊர்க்காரர்தான், 2024 உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெண்தான் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

அம்பத்தூர்: பழைய தொழிற்சாலை ஷெட் ஒன்று வாடகைக்கு வருகிறது. நான்கு ஷட்டில் கோர்ட் போட நினைக்கிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

கூரையின் உச்சியை அளந்து ஏமாறாதீர்கள். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான டிரஸ்ஸின் அடிப்பாகம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள், அதுதான் உங்கள் உயரம். நடுவில் தூண் இருந்தால் பேச்சே வேண்டாம், வேறு ஷெட் தேடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் நான்கு கோர்ட் போட இடைவெளிகளோடு 113 அடிக்கு 57 அடி வேண்டும்.

அப்புறம் வெயில். சென்னையில் மே மாதம் ஒற்றைத் தகரக் கூரையின் கீழே மதியம் மூன்று மணிக்கு நின்று பாருங்கள், முடிவு தானாக வந்துவிடும். ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் காக்கின் எடையே ஐந்து கிராம்தான், குறுக்குக் காற்று அடித்தால் ஆட்டம் கெட்டுவிடும். அதனால் தகரத்துக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்கும் இன்சுலேஷன் போடுங்கள், இல்லையென்றால் இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த பஃப் பேனல் கூரைக்கு மாறுங்கள். சூடான காற்று வெளியேறக் கூரை உச்சியில் ரிட்ஜ் வென்ட் என்ற திறப்பு வேண்டும். வெளிக்காற்று தரையோரம் லூவர் (சாய்வுப் பட்டை ஜன்னல்) வழியாக மெதுவாக வரட்டும். பெரிய ஃபேன் மாட்டினால் ஆட்டத்துக்கு நடுவே அதை நிறுத்தும் ஸ்விட்ச் ஆடுபவர்கள் கையில் இருக்கட்டும்.

விளக்கைக் கோர்ட்டின் தலைக்கு மேல் தொங்கவிடாதீர்கள், நிமிர்ந்து பார்ப்பவனுக்குக் கண் கூசும். இரண்டு பக்கவாட்டிலும் நீளவாக்கில் போடுங்கள். பின்கோட்டுக்குப் பின்னால் உள்ள சுவருக்கு வெள்ளை அடித்தால் வெள்ளைக் காக் கண்ணுக்கே தெரியாது. அடர்பச்சையோ நீலமோ அடியுங்கள்.

மடிப்பாக்கம்: மரத்தரையா, சிந்தெடிக் மேட்டா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

மரச்சட்டத்துக்கு மேல் மேட் என்பதுதான் முழங்காலுக்கு நல்லது. சிமெண்டின் மேல் நேராக மேட் விரிப்பது செலவைக் குறைக்கும், மூட்டு வலியைக் கூட்டும். நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு மரம் உப்பும். அடியிலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்கும் ஷீட் போடாமல் மரம் வைக்க யாராவது விலை கொடுத்தால் அந்தக் கொட்டேஷனைக் கிழித்துப் போடுங்கள். சட்டத்துக்கு அடியில் காற்று நடமாட இடமும் வேண்டும்.

பள்ளிக்கரணை: பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ஒரு பகுதியை ஜிம் ஆக்கலாமா?

வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த பிறகு உங்கள் பகுதியிலிருந்து இந்தக் கேள்வி வரலாமா, சார்? பிளானில் பார்க்கிங் என்று அனுமதி வாங்கிய இடத்தை மாற்றுவது விதிமீறலும்கூட.

கேளம்பாக்கம்: ஓ.எஸ்.ஆர். நிலம் (திறந்தவெளிக்கென ஒதுக்கிய இடம்) காலியாகத்தானே இருக்கிறது, அதில் அரங்கம் கட்டினால் என்ன?

அது தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்த நிலம். திறந்தவெளியாக இருக்கட்டும் என்றுதான் வாங்கியிருக்கிறார்கள். அதில் சங்கம் கட்டடம் கட்ட முடியாது.

கொளத்தூர், இல்லத்தரசி: எங்கள் ஹாலை எப்போதும் ஷட்டில் ஆடும் ஆண்களே பிடித்துக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகள் கபடி, வாலிபால் ஆட ஆசைப்படுகிறார்கள். ஒரே ஹாலில் எல்லாம் முடியுமா, சார்?

முடியும் அம்மா, ஹாலை பாஸ்கெட்பால் அளவுக்குக் கட்டியிருந்தால். சுற்று இடத்தோடு 105க்கு 62 அடி, உயரம் குறைந்தது 23 அடி, ஷட்டிலும் ஆடுவதென்றால் 25 அடி. அதற்குள் மூன்று ஷட்டில் கோர்ட் தாராளமாக அடங்கும். வாலிபால், கபடி இரண்டும் அடங்கும். ஆட்டத்துக்கு ஒரு நிறத்தில் கோடு போட்டு, கம்பங்களைக் கழற்றி மாட்டும்படி தரையில் குழி வைத்தால் போதும். கபடிக்கு மட்டும் தனி மேட் விரித்துச் சுருட்ட வேண்டும், அதை வைக்க ஒரு அறை வேண்டும். வரைபடத்தில் இந்த அறையைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். இப்போது இருக்கும் ஹால் சின்னது என்றால் கட்டடம் உங்களுக்கு உதவாது, நேர அட்டவணைதான் உதவும். மாலை 5 முதல் 7 வரை பிள்ளைகளுக்கு மட்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானமாகவே போட்டுவிடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் ஒரு மாதம்கூட நிற்காது.

போரூர்: ஸ்குவாஷ்?

32க்கு 21 அடியில் ஒரு கோர்ட், உயரம் பதினெட்டரை அடி. ஒரு நேரத்தில் ஆடுபவர்கள் இரண்டே பேர். வளரும் குடியிருப்புக்கு இது முதல் செலவாக இருக்க வேண்டாம். ஆர்வமுள்ள பிள்ளைகளை நேரு பூங்கா அகாடமிக்கு அனுப்புங்கள்.

தாம்பரம்: கையில் பாதிப் பணம்தான் இருக்கிறது. எதை முதலில் கட்டுவது?

அஸ்திவாரம், தூண், கூரை மூன்றையும் முழு அளவில், முழு உயரத்தில் கட்டிவிடுங்கள். பின்னால் நீளத்தைக் கூட்டலாம், உயரத்தைக் கூட்ட முடியாது. சுவரும் மரத்தரையும் அடுத்த வருடம் வரட்டும். ஆனால் பக்கச் சுவர் இல்லாத ஷெட்டுக்குள் புயல் காற்று புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். ‘கொஞ்ச காலம் திறந்துதான் இருக்கும்’ என்று டிசைன் போடுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரத்தரை மூன்று நான்கு அங்குலம் உயரும், வாசல்படியையும் அதற்கேற்ப இப்போதே வையுங்கள்.