ஐயா கட்டிய வீட்டில் சிமென்ட் பூசலாமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஐயா கட்டிய வீடு. சென்னையை விட்டு, ஆஸ்துமா உள்ள ஆத்தாவோடு அங்கேயே வந்துவிடப் போகிறோம். சுவரின் அடிப்பகுதி உப்பு பூத்து உதிர்கிறது. காரையை உடைத்து சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்து, முற்றத்தையும் ஷீட் போட்டு மூடிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. உடம்புக்கும் சுற்றுச்சூழலுக்கும் கெடுதல் இல்லாமல் என்ன செய்யலாம்?

பதில்: மேஸ்திரியைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். உப்பு பூப்பது காரையின் குற்றம் இல்லை. அடியிலிருந்து செங்கல் வழியே ஈரம் ஏறுகிறது. சுண்ணாம்புக் காரை அதைக் காற்றில் விட்டுவிடுகிறது, ஈரம் கொண்டுவந்த உப்பு மட்டும் மேலே தங்குகிறது. அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. இன்னும் மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் மறுபடி உப்பு தலைகாட்டும். பிளாஸ்டிக் பெயிண்ட் அந்த வழியையும் அடைக்கும். ஈரம் தங்கிய சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். ஆத்தாவின் மூச்சுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

எனவே முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். உடைந்த ஓடு, அடைத்துக்கொண்ட முற்றத்து வடிகால், பின்கட்டில் கசியும் குழாய் எல்லாவற்றையும் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது தெருவைத்தான். ரோடு மேல் ரோடு போட்டு, வீடு பள்ளத்தில் நிற்கிறதா? சுவரை ஒட்டி மண் மேடிட்டிருந்தால் வெட்டி எடுங்கள். அப்புறம் ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். அவசரப்படுகிறவர்கள்தான் இரண்டு முறை செலவழிக்கிறார்கள்.

பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிற காரையை மட்டும் பெயர்த்துவிட்டு, நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு என்று பூசச் சொல்லுங்கள். கடுக்காய், வெல்லம் ஊறவைத்த தண்ணீர் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய கைப்பக்குவம். முட்டை வெள்ளைக்கரு கண்ணாடி போல மின்னும் கடைசிப் பூச்சுக்கு மட்டும்தான். உதிர்கிற அடிச்சுவருக்கு அது வேண்டாம், முட்டையை அடுப்படிக்கே அனுப்புங்கள். மேலே வெறும் வெள்ளையடிப்பு போதும். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் வளராது.

முற்றத்தை மூடவே கூடாது. வீட்டின் வெக்கை வெளியேறுவது அந்த வழியாகத்தான். குரங்குத் தொல்லை என்றால் கம்பி வலை போடுங்கள். கூரையிலிருந்து முற்றத்தில் வந்து விழும் மழைநீருக்கும் ஒரு கணக்கு உண்டு: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர். சேதாரம் போனாலும் 4,000 லிட்டர் அளவுக்குத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகும்.

பழைய கதவு, ஜன்னல்களில் எனாமல் பெயிண்ட் இருந்தால் கவனம். வீட்டுப் பெயிண்ட்டில் நச்சு உலோகமான ஈயம் (lead) பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கிறதென்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த உப்புத்தாளோ மிஷினோ வேண்டாம், தூசி பறக்காதபடி நனைத்துச் சுரண்டுங்கள். அடியில் பர்மா தேக்கு இருந்தால் எண்ணெய் பூசுவதோடு விட்டுவிடலாம்.

ஆத்தங்குடிக் கல் பாவிய தரையை மாற்றாதீர்கள். ஆசிட் படக்கூடாது, தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டுத் துடைத்தால் பளபளப்பு திரும்பும். அடுப்படி அலமாரிக்கு ப்ளைவுட் வாங்கினால் பசையில் ஃபார்மால்டிஹைட் (மூச்சை உறுத்தும் வாயு) குறைந்த ரகமாகக் கேளுங்கள்.

காரை பெயர்ப்பதும் பெயிண்ட் சுரண்டுவதும் முடிந்து, வீட்டை ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்த பிறகே ஆத்தாவை அழைத்து வாருங்கள். அதுவரை அவர் உறவினர் வீட்டிலேயே இருக்கட்டும்.